அம்மாவுக்கு வாசித்த கடிதங்கள்

கொழும்பு
9 ஜூலை 1931

என் செல்ல மகள் மங்களேஸ்வரிக்கு அப்பா குத்தாலிங்கம் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் சுகமென்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

மண்டபம் முகாமில் ஆறு நாள் வைத்திருந்து, அம்மை குத்தி, பிறகுதான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றினார்கள். கையிலிருந்தது அத்தோடு தீர்ந்தது. ஆனால் கை இருக்கிறதே! குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்ட கை. தலைமன்னாரில் ஒரு வியாபாரி இடுப்புப் பிடித்துக்கொண்டு உட்காரவும் முடியாமல் நின்றார். ரயில் புறப்படுவதற்குள் சரிசெய்துவிட்டேன். அவரே கொழும்புவரை டிக்கெட் எடுத்துக் கொடுத்து, தனக்குத் தெரிந்த சலூனிலும் சேர்த்துவிட்டார். முடி வெட்டிக்கொள்கிறவர்களுக்குத் தலையும் தோளும் பிடித்துவிடுகிறேன். சாப்பாடு அங்கேயே, படுக்கை கடைப் பலகையில்.

துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பார்த்தால் நம் தென்காசி மொட்டைக் கோபுரத்தைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கிறது. ஊர் ஊராகச் சுற்றியவர்கள் பேசுவதை, அவர்கள் முதுகைத் தேய்த்தபடி கேட்டுக் கேட்டே எனக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது மங்களம். ஒரே ஒரு வருஷம். பினாங்கையும் சிங்கப்பூரையும் பார்த்துவிட்டு அடுத்த சாரலுக்கு வந்துவிடுவேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அப்பா
குத்தாலிங்கம்


குத்துக்கல்வலசை
2 ஆகஸ்டு 1931

அன்புள்ள அப்பாவுக்கு மங்களேஸ்வரி எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெரிய நிலப்படத்தை மாட்டினார்கள். நான்தான் எழுந்து போய்க் கொழும்பைத் தொட்டுக் காட்டினேன்.

இங்கே தினமும் சாரல். பெரிய அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுகிறது, குளிக்க விடவில்லை. அம்மா குற்றாலத்தில் ஒரு பங்களாவில் மசாலை அரைக்கப் போகிறாள். வந்தால் கையெல்லாம் எரிகிறது என்று தவிட்டில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அப்படி உட்கார்ந்துதான் உங்கள் கடிதத்தைக் கேட்டாள். முடிந்ததும், "இன்னொரு தடவ வாசிட்டி" என்றாள். வாசித்தேன். "எனக்கு ஒண்ணும் எழுதலையா?" என்றாள். கடைசி வரியைக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்து, "இத்துனூண்டுதானா" என்று சிரித்தாள்.

அடுத்த கடிதத்தில் அம்மாவுக்குக் கொஞ்சம் கூட எழுதுங்கள் அப்பா. பினாங்கு எப்படி இருக்கும்? போனவுடனே எழுதுங்கள்.

இப்படிக்கு, ஐந்தாம் வகுப்பு
மங்களேஸ்வரி


பினாங்கு
18 மார்ச் 1933

மங்களம் கண்ணுக்கு அப்பாவின் அன்பு.

வந்து சேர்ந்துவிட்டேன். கொழும்பிலிருந்து கப்பலுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. சமையற்கட்டில் வெங்காயம் உரித்து, அண்டா தேய்த்தே கடலைக் கடந்தேன். என் கண்ணீரெல்லாம் வங்காளக் கடலில்தான் விழுந்தது. கரையிறங்குமுன் ஒரு தீவில் இறக்கி, மருந்து நீரில் குளிப்பாட்டி, துணியையெல்லாம் அவித்துக் கொடுத்தார்கள். என் ஒரே நல்ல வேட்டி பனியன் அளவுக்குச் சுருங்கிப்போனது.

இங்கே நம்மவர் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைத் தாழ்வாரத்தில் இருக்கிறேன். காலையில் அவர்களுக்கு மாவாட்டிக் கொடுத்துவிட்டால் பகலெல்லாம் என் நேரம். ஒரு சீனக் கிழவர் வாரம் இரண்டு தடவை வந்து முதுகைக் காட்டுகிறார். எனக்கு அவர் பேச்சு தெரியாது, அவருக்கு என் பேச்சு தெரியாது. வலிக்கிற இடத்தை விரல் கண்டுபிடித்ததும், "ஆ!" என்பார். அந்த ஒரு சொல்லில் எங்கள் சிநேகம் நடக்கிறது.

போன சாரலுக்கு வருவதாகச் சொன்னேன், முடியவில்லை. இங்கிருந்து சிங்கப்பூர் எட்டிப் பிடிக்கிற தூரம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் திரும்பினால் ஊரில் யாராவது கேட்டால் என்ன சொல்வது?

அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பா


குத்துக்கல்வலசை
11 மே 1935

அன்புள்ள அப்பாவுக்கு,

சிங்கப்பூரிலிருந்து நீங்கள் போட்ட இரண்டு கடிதங்களும் சேர்ந்தன. எட்டாம் வகுப்பில் தேறிவிட்டேன். இதே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை வைத்துக்கொள்வதாகப் பெரிய டீச்சர் சொல்கிறார்கள்.

ஒரு காரியம் எழுதவேண்டும். எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

மாடக்கண்ணு மாமா வந்திருந்தார். குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கிற அய்யாக்குட்டியை உங்களுக்குத் தெரியும். மனைவி செத்து மூன்று வருஷமாகிறது. அவர் அம்மாவைக் கேட்டு மாமாவிடம் ஆள் அனுப்பியிருக்கிறார். மாமா அம்மாவிடம், "நாலு வருசமாச்சு. ஊர்க்கூட்டத்துல சொல்லி அத்துவிட்டுருவோம். நம்மள்ல வழக்கம் இல்லாததா? ஒனக்கு என்ன வயசாகிப் போச்சு?" என்றார். அம்மா என்னைக் கூப்பிட்டு, "அவுக கடைசியாப் போட்ட காயிதத்த எடுத்து வாசி" என்றாள். வாசித்தேன். கேட்டுவிட்டு மாமாவிடம், "இப்படி எழுதுத மனுசன விட்டுட்டு நான் எங்கன போவேன்?" என்றாள். மாமா சாப்பிடாமலே போய்விட்டார்.

அப்பா, வந்துவிடுங்கள். நிலப்படத்தில் இனி எனக்குத் தொட்டுக் காட்ட ஒன்றும் வேண்டாம்.

மங்களேஸ்வரி


சைகோன்
20 ஜனவரி 1936

மங்களத்துக்கு,

உன் கடிதம் சிங்கப்பூரில் கிடைத்தது. படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யார் முதுகிலும் கை வைக்கவில்லை. உன் அம்மா தங்கம். அவளுக்கு நான் தகுதி இல்லை.

நடந்ததை உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். மறுவாரமே ஊருக்கு வருவதென்று துணியைக் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். நாகப்பட்டினம் போகிற கப்பலில் வேலைக்கு ஏறிக்கொள்ளலாம் என்று சொல்லியும் இருந்தார்கள். பக்கத்திலேயே சைகோன் கப்பல் நின்றது. அதில் சமையலாள் காய்ச்சலில் விழுந்துவிட்டான். அந்தக் கப்பலில் வேலை பார்க்கிற நம்ம பக்கத்து ஆள் ஒருவர், பெயர் துல்கர்னைன், மேலேயிருந்து கூப்பிட்டார்: "ஏ அண்ணாச்சி, சோறு வடிக்கத் தெரியுமா? ஏறுதீரா?" ஊர்க்கப்பல் புறப்பட இன்னும் இரண்டு நாள் இருந்தது. இதுவோ அப்போதே புறப்பட்டது. என் கால் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது மங்களம். ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. கரை மறைந்த பிறகுதான் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

இங்கே ஒரு துணிக்கடையில் மூட்டை பிரிக்கிறேன். தெரு நீளத்துக்கு மரம். ரொட்டி கைமுழ நீளம். இதையெல்லாம் எழுத இப்போது சந்தோஷமாக இல்லை.

அம்மாவிடம் நான் சுகம் என்று சொல்.

அப்பா


குத்துக்கல்வலசை
14 ஜூலை 1938

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போவதில்லை. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

உங்கள் பினாங்குக் கடிதம் வந்த அன்று, "அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று ஒரு வரிதான் அம்மாவுக்கு இருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த வேகத்தைப் பார்த்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வரிக்குப் பின்னால் நானாகவே ஒரு வரி சேர்த்து வாசித்தேன். "முப்பிடாதி, இந்த ஊர்க் குழம்பில் உன் கைமணம் இல்லை" என்று. அம்மா முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு எந்தக் கடிதத்தையும் சும்மா வாசிக்க என்னால் முடியவில்லை.

மாமா வந்த அன்று நான் வாசித்ததும் உங்கள் கடிதத்தில் இல்லாதது. "நீ இருக்கிற தைரியத்தில்தான் நான் ஊர் ஊராகப் போகிறேன். எனக்காகப் பொறுத்துக்கொள், உன்னை ஒருநாளும் கைவிடமாட்டேன்." இது நான் சொன்னது. அதைக் கேட்டுத்தான் அம்மா வேண்டாம் என்றாள். அய்யாக்குட்டி மறுவருஷம் கடையத்தில் பெண் கட்டினார். இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது. கடையில் தொட்டில் கட்டி ஆட்டிக்கொண்டே மாம்பழம் நிறுக்கிறார். அம்மா அந்த வழியே போகாமல் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவாள். காரணம் கேட்டால், "அங்கன ஒரே ஈயி" என்பாள்.

இந்தச் சித்திரையில் அம்மாவுக்கு விடாத காய்ச்சல். உங்கள் கடிதம் வந்தது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கட்டும் என்று, "ஆனி பிறந்ததும் வந்துவிடுவேன்" என்று வாசித்துவிட்டேன். கஞ்சி குடித்தாள். எழுந்தாள். வைகாசி கடைசியில் சுண்ணாம்பு கரைத்து வீட்டுக்கு வெள்ளையடித்தாள். ஆனி முதல் தேதி தலைக்குக் குளித்துவிட்டுத் தென்காசி ஸ்டேஷனுக்கு நடந்து போனாள். இரண்டாம் நாளும் போனாள். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். வண்டி வந்து, ஆட்கள் இறங்கிப் போய், பிளாட்பாரம் காலியாகிவிட்டது. அம்மா ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்பம் இருந்து?" என்றாள்.

"பினாங்குலருந்தும்மா."

"மாடக்கண்ணு வந்தப்பம் வாசிச்சியே?"

"அதுவும் நான்தான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். சேலையை உதறிக்கொண்டு எழுந்து, "வண்டி போயிட்டு. வா" என்றாள். வீடு வரைக்கும் நான் பின்னால் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை அப்பா. நீங்கள் அவளிடம் பொய் சொல்லவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு உள்ளதை வாசித்திருந்தால் அவள் என்றைக்கோ தன் வழியைப் பார்த்திருப்பாள். அவள் சிரிப்பதைப் பார்க்கிற ஆசையில் என் அம்மாவின் ஐந்து வருஷத்தைப் பிடித்து வைத்தது நான்தான்.

மங்களேஸ்வரி


சைகோன்
2 செப்டம்பர் 1938

என் மகளே,

உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் எழுதியிருக்கவேண்டியதைக் குழந்தை நீ எழுதியிருக்கிறாய். அவ்வளவுதான்.

அவளுக்கு ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். உனக்குக் கப்பலும் கடலும் எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். அவளுக்கு எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதவேண்டும்: எப்போது வருகிறாய் என்பதற்கு. அதற்குப் பயந்து உன் பின்னால் ஒளிந்துகொண்டேன். நாற்பதை நெருங்குகிறவன் இதைச் சொல்ல வெட்கப்படுகிறேன்.

கீழே இருப்பது அவளுக்கு. ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் வாசி.

முப்பிடாதி, நான் புறப்பட்ட அன்று நீ கட்டிக்கொடுத்த சோற்றைத் திருநெல்வேலி வருமுன்னே தின்றுவிட்டேன். வீட்டிலிருந்த கருவாடு முழுவதையும் அதில் வைத்திருந்தாய். நீ உனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்பது ரயிலில் உறைக்கவில்லை. இத்தனை ஊர் சுற்றிய பிறகு உறைக்கிறது. எத்தனையோ பேருக்கு வலிக்கிற இடம் எதுவென்று இந்தக் கை கண்டுபிடித்தது. மசாலை அரைத்து எரிகிற உன் கையை ஒருநாள்கூடப் பிடித்துப் பார்த்ததில்லை. தை மாதம் வருகிறேன். கப்பலில் வேலை பேசி முடித்துவிட்டேன். உன்னைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். காத்திரு.

குத்தாலிங்கம்


குத்துக்கல்வலசை
9 அக்டோபர் 1938

அன்புள்ள அப்பாவுக்கு,

வாசித்தேன். உங்கள் எழுத்து அப்படியே. 

அம்மா கடைசிவரை கேட்டாள். பிறகு, "ஏட்டி, இதுல எது அவுக சொன்னது?" என்றாள்.

"எல்லாமே அப்பா எழுதுனதும்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினாள். மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தெருக்கோடியில் ஜவுளிக்கடை முகம்மது கனி அண்ணாச்சியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அண்ணாச்சி, "மக வாத்திச்சி, நான் வாசிக்கணுமா?" என்று கேட்டாராம். "நீங்களே வாசிங்க" என்றாளாம். திரும்பி வந்து, "நீ வாசிச்சது சரிதான்" என்றாள். அன்று பூரா நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அவளே என்னை உட்கார வைத்து, "எழுது. நான் சொல்லுதத மட்டும் எழுது" என்றாள். இது அவள் வாயால் வந்தது:

"கருவாடு எனக்குன்னு வச்சு நான் விட்டுக்குடுக்கல. அவுகளுக்குன்னுதான் வாங்குனேன். அதுக்காக இப்பம் வருத்தப்பட வேண்டாம். வாறதுன்னா வரட்டும். அவுக வீடு. வாசல்ல நின்னு போன்னு சொல்லமாட்டேன். கால் கழுவத் தண்ணி குடுப்பேன், சோறு போடுவேன். மக கல்யாணத்துக்கு அவுகதான் நிக்கணும். ஆனா காத்திருக்கேன்னு மட்டும் நெனச்சுக்கிட்டு வர வேண்டாம். இத்தன வருசம் நான் காத்திருந்தது அவுகளுக்கு இல்ல. நீ வாசிச்சியே, அந்த மனுசனுக்கு. அவரு நல்ல மனுசன். அவரு இல்லன்னு ஸ்டேசன்லயே தெரிஞ்சு போச்சு."

இவ்வளவு சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்தாள். "முடிக்கும்போது உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போடட்டுமா அம்மா?" என்று கேட்டேன்.

"நான் சொல்லலையே" என்றாள்.

அதனால் போடவில்லை.

மங்களேஸ்வரி