கூரையில்லாத கம்பங்கள்

இந்தியன் இங்க் புட்டியைத் திறந்தேன். கற்பூரம் கலந்த அந்த வாசனை. பக்கத்தில் நீ நாற்காலி இழுக்கும் சத்தம் இல்லை. நீ போய் ஐந்து மாதம்.

மேசையில் அதே எண்ணூர் வரைபடத் தாள். திருவொற்றியூருக்கு இம்முறை பெரிய எழுத்து. ஆலைகள் வந்து நகரமாகிவிட்டது. கிராமங்களுக்குச் சின்ன வட்டம். முகத்துவாரத்து மணலில் மட்டும் ஒன்றுமில்லை. நான் சுரண்டிய தடம்.

அன்று படத்தைச் சரிபார்க்க நாம் இருவரும் அங்கே போனோம். மீனவர் குப்பத்தில் ஆளில்லை. வரிசையாகக் கம்பங்கள், எதன் மேலும் கூரையில்லை. கூரை இருந்தால் வீடு, வீடுகள் இருந்தால் ஊர். நமக்குச் சொன்ன விதி அவ்வளவுதான். குறிப்பேட்டில் ‘குடியில்லை’ என்று எழுதினேன். நீ சிரித்தாய்.

“காலேஜ்ல இத்த சொல்லித்தர்லியா மாமு? மீனு வடக்க போச்சுன்னா இவங்களும் போவாங்க. ஓலைய எத்துக்கினு போயி அங்க வேஞ்சுக்குவாங்க. கம்பம் நிக்குதுல்ல? வந்துருவாங்க.”

நீ ராயபுரத்து வலைக்காரர் வீட்டுப் பிள்ளை. அலுவலகம் திரும்பியதும் என் குறிப்பை மீறி வட்டம் போட்டாய். பக்கத்தில் குப்பத்தின் பெயர்.

காலி மணல் என்றால் ஆலைக்குப் போய்விடும். அது நமக்கும் தெரியும், அதிகாரிக்கும் தெரியும். அவர் உன்னைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

“நீ சொல்லு. ஆள் இருந்தாங்களா?”

“இல்ல சார்.”

பொய்யில்லை. வட்டத்தை எடுத்துவிடச் சொன்னார். பிளேடை நீதான் எடுத்து நீட்டினாய். “நீயே சுரண்டு. என் கையி வராது.”

வட்டம் போக இரண்டு நிமிடம் ஆயிற்று. நீ சன்னல் பக்கம் திரும்பி நின்றாய். அதன் பிறகு என்னை மாமு என்று கூப்பிடவேயில்லை. கடைசியில் நீ காய்ச்சலில் படுத்திருந்தபோது பார்க்க வந்தேன். “வா சார்” என்றாய்.

போன வாரம் முகத்துவாரத்துக்குப் போனேன். கம்பங்கள் மேல் ஓலை ஏறியிருக்கிறது. குழந்தைகள், நாய்கள், காயும் கருவாடு. நூறடி தள்ளி வேலிக்கான கற்கள். படத்தில் இங்கே ஊரே இல்லையே என்று சொல்லிவிட்டு ஆலைக்காரர்கள் இறக்கினார்களாம்.

இன்று அதே இடத்தில் வட்டம் போட்டேன். சுரண்டிய தாளில் மை நிற்காது, ஓடும் என்பாய். ஓடிவிட்டது. உன்னுடையதைப் போல் இல்லை. ஆனால் யார் கண்ணுக்கும் தப்பாது.

நடையில் அதிகாரியின் பூட்ஸ் சத்தம். யாரைக் கேட்டுப் போட்டாய் என்பார். அன்று பாதியில் நிறுத்திய பதிலின் மீதி என்னிடம் இருக்கிறது.

ஆள் இல்லை சார். கம்பங்கள் இருந்தன.