ரோகினியின் படகுக்கு ஆட்டோபைலட்

லுக்குட்,
மார்ச் 9

அன்பு மகள் ரோகினிக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் இடது முழங்கால் நீங்கலாக. நீயும் மாப்பிள்ளையும் இன்னும் ஆக்லாந்தில் தரைமேல்தான் இருக்கிறீர்கள் என்பதால் அங்கும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். மே மாதம் நீங்கள் இருவர் மட்டும் உங்கள் பாய்மரப் படகில் பிஜித் தீவுக்குப் போகப்போவதாகவும், பத்து நாளும் சுக்கான் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் அந்தச் சக்கரத்திலேயே மாட்டும் ஆட்டோபைலட் ஒன்று வாங்க வேண்டும் என்றும், நீ அனுப்பிய இரண்டு கருவிகளில் எது நம்பகமானது என்று அப்பாதான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் ஜனவரியில் எழுதியிருந்தாய். ஏழு வாரம் ஆகிவிட்டது. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். பிஜிக்கு ஏரோப்ளேன் போகாதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போகும் என்று நானே சொல்லிவிட்டேன், ஆனாலும் கேட்கச் சொல்கிறாள்.

உன் தம்பி சுகுமாறன் போன மாதம் தெமியாங்கில் வாடகை வீட்டுக்குக் குடிபோனான். புது வாஷிங் மெஷின் கதவுக்குள் நுழையுமா என்று அளந்து சொன்னது நான்தான். நிலையை மூன்று முறை அளந்தேன், கதவின் கைப்பிடி உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதை அளக்கவில்லை. மெஷின் இப்போது பாதிக்கு மட்டும் தகரம் போட்ட பின்கட்டில் நிற்கிறது, மழை பெய்தால் அவன் குடை பிடித்துக்கொண்டு துவைக்கிறான். நான் சொல்லும் எதையும் இதை மனதில் வைத்துக்கொண்டு எடுத்துக்கொள்.

கருவி விஷயத்துக்கு வருகிறேன். சின்னது ஆறு டன் படகுவரை தாங்கும் என்றும், பெரியது ஏழரை டன்வரை தாங்கும் என்றும் போட்டிருக்கிறது. உன் படகு ஐந்து புள்ளி ஆறு டன், ஆகவே சின்னதே போதும் என்று நீ எழுதியிருந்தாய். எஸ்டேட் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தொரு வருஷம் லாரிகளை எடைமேடையில் ஏற்றி இறக்கியவன் நான். காகிதத்தில் போட்டிருப்பது வெறும் வண்டியின் எடை. வெறும் வண்டி எங்கும் போவதில்லை. தண்ணீர், டீசல், நங்கூரச் சங்கிலி, ரப்பர் படகு, பத்து நாள் அரிசி, நீங்கள் இருவர் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினேன், ஆறு புள்ளி எட்டு டன் வருகிறது. உன் எடையை ஐம்பத்தெட்டு கிலோ என்று போட்டிருக்கிறேன், அது கல்யாணத்தின்போது இருந்தது, கூடியிருந்தால் திருத்திக்கொள். எப்படிப் பார்த்தாலும் சின்னது ஆகாது.

காகிதத்தை மட்டும் நம்பக்கூடாது என்று போர்ட்டிக்சன் படகுத்துறைக்கும் போனேன். அங்கே திருச்செல்வம் என்று ஒருவர், ரிட்டையர்டு எலக்ட்ரீஷியன், அந்தப் பெரிய கருவியையே தன் படகில் ஆறு வருஷமாக வைத்திருக்கிறார். பார்த்தால் போதும் என்றேன், பார்த்தா என்னாண்ணே தெரியும், ஏறுங்கலா என்று படகில் ஏற்றி சி ரூசா கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சக்கரத்தின் நடுவில் வட்டமாக ஒன்று மாட்டியிருக்கிறது, உள்ளே மோட்டாரும் பெல்ட்டும். பட்டனை அழுத்திவிட்டு, கைய எடுங்கண்ணே, அது பாத்துக்கும் என்றார். எடுத்தேன். சக்கரம் தானாகத் திரும்பியதும் பயத்தில் மறுபடி பிடித்துவிட்டேன். அது ஒரு பக்கம் இழுக்க நான் மறுபக்கம் இழுக்க, டக்கென்று பெல்ட் அறுந்தது. ஆறு வருஷம் புயலால முடியாதத நீங்க பத்து நிமிஷத்துல முடிச்சிட்டீங்க, கம்பெனிக்காரன் உங்கள வேலைக்கு வைக்கணும்லா என்றார் திருச்செல்வம். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவர் இருபது நிமிஷத்தில் மாற்றுப் பெல்ட்டைப் போட்டுவிட்டார். ஆகவே மாற்றுப் பெல்ட் இரண்டு வாங்கு, கிளம்பும் முன் நீயும் மாப்பிள்ளையும் கரையில் ஆளுக்கு ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். காற்று ஏறும் முன்பே பாயைக் குறைத்துவிட்டால் கருவிக்குப் பாரம் குறையும் என்றும், பின்னாலிருந்து பெரிய அலை தள்ளும்போது அதை நம்பாமல் கையால் பிடிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

பிறகுதான் நடந்தது. அவர் மைலோ கலக்கக் கீழே போயிருந்தார், மேலே நான் மட்டும். காற்றில் என் தொப்பி பறந்து தண்ணீரில் விழுந்தது. ஒரு தொப்பிக்காக அவரைக் கூப்பிடக் கூச்சமாக இருந்ததால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது விநாடியில் தொப்பி கண்ணுக்குத் தெரியவில்லை. கருவி ஒரு டிகிரிகூட விலகவில்லை. அவர் மேலே வந்து, ஆள் விழுந்தாலும் அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்ணே, அதுக்கென்ன தெரியும் என்றார். ஒருவர் தூங்கும்போது மற்றவர் காவல் இருப்போம் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா. நீ கேட்டபடி நம்பகமான கருவி எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் எழுத முடியவில்லை. அப்பா சொன்ன பிறகுதான் வாங்குவேன் என்றிருந்தாய், ஆகவே சொல்லாமல் இருந்தால் போகமாட்டாய் என்று நினைத்தேன். இது தாமதம் இல்லை, வேண்டுமென்று செய்தது.

கேட்கும்போதெல்லாம் இன்னும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள், ஏங்க, அவ உங்க கடுதாசிக்கா காத்துக்கிட்டிருக்கா, காத்து மாறட்டும்னு இருக்கா, நீங்க வாயத் தொறக்கலன்னா அந்தச் சின்னத வாங்கி மாட்டிக்கிட்டுப் போயிடுவா, யாரு வயித்துப் பிள்ள, எனக்குத் தெரியாதா என்றாள். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன், அவள் சொன்னதில் பிழை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகவே பெரியதை வாங்கு. அதோடு கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்ன வில்லை ஒன்று விற்கிறார்கள், மாட்டியவர் படகைவிட்டு விழுந்தால் கீழே தூங்குபவர் எழும்படி மணி அடிக்கும். உங்கள் கருவியோடு இணைத்தால் ஆள் விழுந்ததும் கருவி சக்கரத்தை விட்டுவிட்டுப் படகை மேலே ஓடாமல் நிறுத்துமா என்று கடையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். ஆளுக்கு ஒன்று வாங்கு. தனியாக மேலே இருக்கும்போது இடுப்பு வாரைப் படகோடு கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு நிமிஷ வேலைக்கு எழுந்தாலும் சரி, மாப்பிள்ளை சிறுநீர் கழிக்கப் போனாலும் சரி, அவரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். இவ்வளவும் செய்தபின் நீங்கள் போகலாம். போகலாம் என்று எழுதிவிட்டேன்.

முருகன் உங்கள் இருவரையும் நல்லபடி வைத்திருக்கட்டும், நீண்ட ஆயுளோடும் குறைவில்லாமலும் இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கிளம்பும் நாளை அம்மாவிடம் சொல், எனக்குத் தெரிய வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் என்னிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
முருகையா