பெரியசாமியும் சின்னராஜும் ஒரே ஃப்ரேமில்

சங்ககிரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கௌதமனுக்கு,

அந்த ஊர்க் குளிர்ல காதை மூடிக்கிட்டு, வேளைக்குச் சாப்பிட்டு நீ நல்லா இருக்கேன்னு நம்பிக்கிட்டு எழுதறேன். இங்க நானு சௌக்கியம், அப்பாவும் முழங்காலைத் தவிர மத்த இடமெல்லாம் சௌக்கியம். போன் இருக்கறப்ப எதுக்கும்மா கடுதாசின்னு கேப்பே. போனை எடுத்தாலே உங்கப்பா ஸ்பீக்கர்ல போடு ஸ்பீக்கர்ல போடுன்னு பக்கத்துல வந்து ஒக்காந்துக்கறாரு சாமி, எல்லாத்தையும் அவரு காதுல போட முடியுமா. நம்ம அறிவுமதி அக்கா அவ மக பிரசவத்துக்கு டப்ளின் வாரா, அவ பையில பருப்புப்பொடிக்கு அடியில வெச்சு இதை அனுப்பறேன், பொடி கொட்டியிருந்தா தட்டிட்டுப் படி.

ஸ்டூடியோவுல இப்ப பட்டமளிப்பு சீசன். கேமரா நானு, லைட்டு அப்பா, அந்த ஏற்பாடு மாறலை. கருப்பு அங்கி மூணு வெச்சிருக்கோம், மூணும் ஓய்வில்லாம ஆள் மாத்தி ஆள் மேல ஏறி இறங்குது. போன வாரம் யூகேஜி முடிச்ச ஒரு பட்டதாரியைக் கூட்டியாந்தாங்க, தொப்பி வெச்சதும் தூங்கிட்டான், தூங்குன படத்தையே பெருசு பண்ணிக் குடுத்துட்டேன், அவங்கம்மாவுக்கு ஒரே சந்தோசம்.

இப்ப நாஞ் சொல்லப் போறது உங்கப்பாவுக்குத் தெரியக்கூடாது. மலையடிவாரத்துப் பெரியசாமி மக தனப்பிரியா மாட்டு டாக்டருக்குப் படிச்சு முடிச்சிட்டா. குஜராத்துல ஏதோ பால் பண்ணையில வேலை, போன திங்கக்கிழமை ரயிலு. அதுக்கு முந்தின புதன்கிழமை வந்து அழுவாத குறையா ஒக்காந்தா. அவளுக்கு அப்பனும் வேணும், சித்தப்பன் சின்னராஜும் வேணும், ஆனா அண்ணந்தம்பி ரெண்டு பேரும் பேசி ஒம்பது வருசமாச்சு. என்ன பெரிய சண்டைன்னு நினைக்கறே, ரெண்டு பேரும் கூட்டா லாரி வாங்குனாங்க, பெயிண்டரு லாரி நெத்தியில அண்ணன் பேரைப் பெருசா எழுதிட்டு, எடம் பத்தாம தம்பி பேரைப் பொடியா எழுதிட்டான், அவ்வளவுதான். லாரியை வித்தே ஏழு வருசமாச்சு, சண்டையை மட்டும் விக்கலை. அப்பனுக்குத் தெரியாம இந்தப் புள்ளையைப் பரீட்சைக்கெல்லாம் கூட்டிட்டுப் போயி விட்டவரு சின்னராஜுதானாம். அக்கா, ரெண்டு பேரையும் தனித்தனியா எடுத்துக் கம்ப்யூட்டர்ல ஒட்டிக் குடுத்துருங்க, அதையாச்சும் எடுத்துட்டுப் போறேன்னு கேட்டா. பத்து நிமிச வேலைதான். ஆனா ஒட்டுப்போட்ட குடும்பத்தையா அந்தப் புள்ளை அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போகோணும்? அதெல்லாம் நம்ம மிஷின்ல ஆகாது கண்ணுன்னு ஒரே பொய்யாச் சொல்லிட்டேன்.

சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வாங்கன்னு ரெண்டு பேருக்கும் சொன்னேன், அடுத்தவரு வாராருன்னு ஒருத்தருகிட்டயும் சொல்லலை. சின்னராஜு செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தவரு அண்ணனைப் பார்த்ததும் மறுபடி செருப்பைத் தேடுனாரு. செருப்பு அங்க இருந்தாத்தானே, நாந்தான் ஸ்டூல் அடியில தள்ளியிருந்தனே. பெரியசாமி சொவுத்தைப் பார்த்துக்கிட்டு, ஏனுங்கம்மா, நாங்க ஒண்ணா நிக்கற ஆளுங்க இல்லீங்கன்னாரு. நிக்க வேண்டாமுங்க, ஆளுக்கொரு ஓரமா இருங்க, நடுவுல புள்ளை, மிச்ச இடத்தை நான் அப்புறமேட்டுக்குக் கத்தரிச்சுக்கறேன்னேன். புள்ளை அங்கியைப் போட்டுக்கிட்டு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்க்கறா, எப்பிடி முடியாதும்பாங்க? நின்னுட்டாங்க. அப்புறம் படத்துல ஓரம் விழலீங்க ஒரடி உள்ள வாங்க, இன்னும் ஒரடி, தோளு வெட்டுதுங்கன்னு சொல்லிச் சொல்லி நகத்துனேன். பக்கத்துல வந்தாங்களே தவிர ஒருத்தரு ஈரோட்டைப் பார்க்கறாரு, இன்னொருத்தரு சேலத்தைப் பார்க்கறாரு.

சரி, இது ஆகாதுன்னு, பின்னாடி தொங்குற நீலத் துணியோட கிளிப்பை முன்னயே தளர்த்தி வெச்சிருந்தேன் பாரு, லென்ஸ் மாத்தற சாக்குல துணி நுனியைக் காலால மிதிச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். துணி மட்டும் மேல உழுந்தா சிரிப்பாங்கன்னுதான் என்ற கணக்கு. ஆனா சாமி, துணியோட இரும்புக் குழாயும் சேர்ந்து வந்துருச்சு. நேரா அந்தப் புள்ளை தலைக்கு. பெரியசாமிதான் ரெண்டு கையாலயும் எட்டிப் பிடிச்சு, டேய் சின்னா அந்தப் பக்கம் தூக்குடான்னு கத்துனாரு. தூக்கிட்டேன் அண்ணா, நீ வெரலை எடு நசுங்குதுன்னு இவரு கத்துனாரு. நடுவுல புள்ளை தொப்பி கோணிக்கிட்டு, துணிக்குள்ள இருந்து தலையை மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கறா. பயத்துலயும் இந்தப் பாழாப்போன வெரலு சும்மா இருந்துச்சா, ஏழு படம் எடுத்துருக்குது.

அப்பா ஓடியாந்து குழாயை வாங்கி வெச்சாரு. பெரியசாமிக்கு நடுவெரல் கன்னிப் போச்சு. சின்னராஜு ஃப்ரிட்ஜுல இருந்த தண்ணி பாட்டிலை எடுத்து அந்த வெரல்ல ஒத்துனாரு, ஒத்திக்கிட்டே இருந்தாரு, அப்பத்தான் ரெண்டு பேருக்கும் பேசிட்டது நெனப்பு வந்துச்சு. கட்டிப் பிடிச்சு அழுவாங்கன்னு நானு கேமராவை இறக்கவே இல்லை. அதெல்லாம் ஒண்ணுமில்லை. நீ உன்ற பக்கத்தை ஒழுங்காத் தூக்கியிருந்தா என்ற வெரலு ஏன்டா நசுங்குதுன்னாரு அண்ணன். எப்பவும் என்ற மேலயே பழியைப் போடுன்னாரு தம்பி. ஒம்பது வருசப் பேச்சையும் அரை மணி நேரத்துல பேசித் தீர்த்தாங்க, எல்லாம் சண்டைதான். தனப்பிரியா தரையில ஒக்காந்து அழுதுக்கிட்டே சிரிச்சா. நானு உள்ள போயி நாலு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வந்தேன். இனி அந்த மாதிரி வெளையாட்டு வேண்டாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உங்கப்பா என்னடான்னா மட்டமான கிளிப்பைக் குடுத்தான்னு கடைக்காரன்கிட்டப் போயிச் சண்டை போட்டுட்டு வந்தாரு, பாவம் அந்த ஆளு.

அப்புறம் ரெண்டு பேரும் புள்ளையை நடுவுல விட்டு, தோளோட தோள் ஒட்டி, பாஸ்போர்ட்டுக்கு நிக்கற மாதிரி வெறைப்பா நின்னு ஒரு படம் எடுத்துக்கிட்டாங்க. புள்ளை அதைத் தொடவே இல்லை, வாயைப் பொளந்துக்கிட்டுக் குழாயைத் தூக்கற படத்தைத்தான் குஜராத்துக்குக் கொண்டு போயிருக்கா. வெறைப்பான படத்துக்குத்தான் இங்க பாடு. மறுநாளே சின்னராஜு வந்து, அக்கா, இதுல அண்ணன் தலை என்ற தலையை விடப் பெருசாத் தெரியுதுங்கன்னு தலையைச் சொறிஞ்சாரு. அவரு பிரதியில அவரு தலையை ஒரு நூல் பெருசு பண்ணிக் குடுத்தேன். சாயங்காலம் பெரியசாமியும் அதே குறையோட வந்தாரு, அவரு பிரதியில அவருது. ரெண்டு ஊட்டு ஹால்லயும் இப்ப மாட்டியிருக்குது, யாரும் ஸ்கேலை எடுத்துட்டு அடுத்தவரு ஊட்டுக்குப் போகாம இருக்கோணும். தனப்பிரியா நேத்துப் போன் பண்ணி, ரெண்டு பேரும் விடிஞ்சதும் எனக்குச் சேர்ந்து போன் போட்டு அதுலயும் அடிச்சுக்கறாங்க அக்கா, ஏன் சேர்த்து வெச்சீங்கன்னு கேக்கறா. குரலு அவ்வளவு குளுகுளுன்னு இருந்துச்சு.

இனி உன் சேதிக்கு வாரேன். பட்டம் வாங்குன படம் அனுப்பியிருந்தியே, நல்லா வந்திருக்குது, கொஞ்சம் இளைச்சிருக்கே. ஆனா கௌதமா, இருபத்தாறு வருசமா அடுத்த ஊட்டு ஆகாத சம்பந்திகளைக் கத்தரிச்சுக் கத்தரிச்சே சோறு தின்னவகிட்டயே படத்தைக் கத்தரிச்சு அனுப்பறியே. வலது ஓரத்தைச் சுத்தமா வெட்டிட்டே, சரி. உன்ற தோள் மேல நாலு வெரலு நிக்குதே, அதை யாரு எடுக்கறது? நகத்துல மாதுளை நெறத்துல பூச்சு வேற. உங்கப்பாவுக்குக் காட்டறப்ப அந்த இடத்துல என்ற கட்டை வெரலை வெச்சு மறைச்சுக்கிட்டே காட்டுனேன், அவரு ஒரு மணி நேரமா ரசிச்சதுல எனக்கு வெரலே மரத்துப் போச்சு. யாரு எவருன்னு நானு இப்பக் கேக்கலை. ஒளிஞ்சு நிக்கற கை மாதிரி இல்லை அது, உரிமையாத்தான் வெச்சிருக்குது, எனக்குப் பிடிச்சிருக்குது. உங்கப்பா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்குவாரு, அவரை நகத்தற வித்தை எனக்குத் தெரியும்.

நேரத்துக்குத் தூங்கு, எண்ணெய் தேய்ச்சுக் குளி, பொடியை நெய் இல்லாமத் திங்காதே. நூறு வருசம் நல்லா இரு சாமி, பக்கத்துல நிக்கறவளும் நல்லா இருக்கட்டும். கத்தரிக்காத படத்தை என்ற நம்பருக்கு மட்டும் அனுப்பு, ஹால்ல மாட்டற ஃப்ரேமுக்கு ரெண்டு ஆள் அகலத்துல அளவு குடுத்துட்டேன்.

உன்னை முழுப் படமாப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா,
கு. கமலவேணி