கூர்முனைச் சுவர்

தம்பிக்கு,

ஆடுகள் நலம். நானும்தான்.

புதன்கிழமை காலையில், மலை முழுக்கக் கிடந்த பனியின்மேல் அடைமழை பெய்தது. பக்கத்துப் பண்ணை ஆஸ்லாக் காபிக்கு வந்திருந்தார். "மழை பெஞ்சா பனியெல்லாம் கரைஞ்சு கீழ ஃபியோர்டுக் கடலுக்குப் போயிரும். இனி பயமே இல்ல," என்றார். நானும் தலையாட்டினேன். குளிர்கால மழைதான் ஆபத்து என்று நீ சொல்லிச் சொல்லி ஓய்ந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை.

காபி ஆறுவதற்குள் மலைச்சரிவின் பனி முழுவதும் சரியக் கிளம்பிவிட்டது. முதலில் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். பிறகு தரை நடுங்கியது. ஈரப்பனி, பிர்ச் மரங்களை வேரோடு சுமந்துகொண்டு வீட்டை நோக்கி வந்தது. ஓட வேண்டும் என்றே தோன்றவில்லை. அவ்வளவு பெரிது, அவ்வளவு அழகு.

வீட்டுக்குப் பின்னால், ஆப்பு போலக் கூராக நீ மூன்று கோடையாக அடுக்கிய கற்சுவரில் மோதி அது இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி கிணற்றுப் பக்கம் போனது, மறு பாதி ரோட்டுப் பக்கம். நடுவில் நாங்கள், கையில் கோப்பையுடன்.

"இந்தச் சுவத்துக்காகத்தானே அவனைக் கிறுக்கன்னு சொல்லித் துரத்துன?" என்றார் ஆஸ்லாக். நான் கோப்பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கப் போனேன்.

சுவரின் முனையிலிருந்து இரண்டு கற்கள் விழுந்துகிடக்கின்றன. எது மேலே, எது கீழே என்று உனக்குத்தான் தெரியும். யாரையும் தொடவிடவில்லை.

உன் அக்கா