கருணை கூர்ந்து என்று நான் தட்டிய மனு

மாப்ள,

பழைய டைப்ரைட்டர் பெட்டிக்கு அடியில் அந்தக் கார்பன் நகல் கிடைத்தது. எழுத்து மங்கிவிட்டது, வாசனை போகவில்லை. உங்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டு நாம் கொடுத்த மனு.

மேலூர் தாலுகா ஆபீஸ் வாசலில் நீ எழுதுவாய், நான் தட்டுவேன். மற்றவர்கள் மனுவெல்லாம் 'கருணை கூர்ந்து' என்றுதான் கெஞ்சும். வெள்ளைக்காரக் கலெக்டருக்கு நம் பாட்டன்மார் எழுதிய அதே பாட்டு. உனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தொரை போயி எம்புட்டு வருசமாச்சு, இன்னும் யாரு கால்லய்யா விழுறீங்க? அரசியல் சட்டத்துல நம்மளும் சமம்னு எழுதியிருக்குல்ல? பெறகென்ன கும்புடு!" டீக்கடைக்காரர், "வக்கீலு கெளம்பிட்டாருப்பா" என்பார். நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

அன்று நீ எழுதித் தந்தது: 'பொதுப்பாதையில் நடப்பது எங்கள் உரிமை. அதைத் திறந்துவிடுவது தங்கள் கடமை.' இத்தனை விறைப்பாகக் கேட்டால் மனுவை மூலையில் வீசிவிடுவார்கள் என்று பயந்து, நீ டீ குடிக்கப் போன நேரத்தில், 'கருணை கூர்ந்து அனுமதிக்க வேண்டுகிறோம்' என்று தட்டிவிட்டேன். நான் தட்டியதை நீ என்றைக்குப் படித்துப் பார்த்தாய்? அப்படியே கையெழுத்துப் போட்டாய்.

பாதை திறந்தது. "பாத்தியா மாப்ள, உரிமைன்னு கேட்டா குடுக்குறாய்ங்க" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னாய். நான் நகலைப் பெட்டிக்கு அடியில் செருகிவைத்தேன்.

சில வருடங்களில் அதிகாரி மாறினார். பக்கத்து நிலக்காரர் பாதையில் வேலி போட்டார். நீ படுக்கையில் கிடந்ததால் நான் மட்டும் கேட்கப் போனேன். புது அதிகாரி நம் மனுவையே எடுத்துக் காட்டினார். "அனுமதிதான கேட்டிருக்கீங்க? குடுத்தோம். இப்ப இல்ல." உன்னிடம் வந்து, சார் லீவு என்று பொய் சொன்னேன்.

பத்தே நாளில் நீ போய்விட்டாய். நடவு வயலில் இறங்கித்தான் உன்னைத் தூக்கிப் போனோம். முழங்கால் சேறு. பாடை என் பக்கம் சரிந்தபோது, 'அடப் பாவி' என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இன்று உன் வரியை ஓர் எழுத்து மாறாமல் தட்டினேன். தங்கச்சிதான் முதல் கையெழுத்து. உன் பெண்டாட்டிக்கு உன்னைவிட அழகான கையெழுத்து. மனுவை வாங்கிய கிளார்க் நெளிந்தான். "அண்ணே, கருணை கூர்ந்துன்னு ஒண்ணு சேத்துருங்களேன்."

"அதைச் சேத்ததுக்குத்தான் ஒருத்தன சேத்துக்குள்ள தூக்கிட்டுப் போனேன் தம்பி. அப்படியே வாங்கு."

சீல் வைத்துக் கொடுத்தான். பாதை திறக்குமா, தெரியாது. ஆனால் உன்னைத் தூக்கிப்போன நாளிலிருந்து, தட்டிய மனுவை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் நான் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை.