வேலி தாண்டி வந்த சாணித் தண்ணீர்

காலிப் பீப்பாயைக் கழுவலாம் என்று இன்று மதியம் மூடியைத் திறந்தேன். புளித்த கஞ்சியும் ஈர மண்ணும் கலந்த அந்த வாடை வந்ததும், வேலிக்கு அந்தப் பக்கம் நீ நிற்கிறாய் என்றே திரும்பிப் பார்த்துவிட்டேன். உன் மாட்டுக் கொட்டகைதான் வெறிச்சென்று கிடந்தது.

நீ போனதும் உன் மகன் மாடுகளை லுக்குட்டில் ஒருவருக்கு விற்றுவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். சிரம்பானில் வேலை பார்ப்பவன் மாட்டை எங்கே கட்டுவான்? சாணம் இல்லாமல் உன் கேஸ் தொட்டியும் ஓய்ந்தது. அதிலிருந்து கடைசியாக வழிந்த தண்ணீரை இந்தப் பீப்பாயில் பிடித்து வைத்துக்கொண்டேன்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் வேலை நின்ற பிறகு நீ மாடு வாங்கினாய், நான் கீரைப் பாத்தி போட்டேன். சாணத்தைக் கரைத்துத் தொட்டியில் விட்டால் கேஸ் உன் அடுப்புக்கு, மிஞ்சி வரும் தண்ணீர் என் பாயாம், கங்கோங் கீரைகளுக்கு. முதல் தடவை ஆசையில் அப்படியே ஊற்றி, பாத்தி முழுவதையும் கருக்கிவிட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு ஒரு வாளிக்கு ஐந்து வாளி தண்ணீர் என்று நீயே கலந்து கொடுத்தாய். சனிக்கிழமைகளில் ரெம்பாவ் பசாரில் இருவரும் சேர்ந்தே விற்றோம்.

நீ இல்லாத இந்த மாதங்களில் அந்த ஐந்து எட்டாகி, பத்துக்கும் மேலே போய்விட்டது. பீப்பாய் தீர்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். உன் கையால் கரைத்த சாணம் அதில் இருக்கும்வரை நீயும் இருப்பாய் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. கீரை வெளிறிப் போனது. வாங்க வந்தவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். ஒரு சனிக்கிழமை கொண்டுபோன கூடையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். அன்றைக்குத்தான், எப்போதோ நான் சிக்கனமாக ஊற்றியபோது நீ திட்டியது ஞாபகம் வந்தது.

"பூட்டி வைக்க அது என்ன நகையாடி? கீரைக்கு ஊத்துலா."

மிச்சத்தை உன் கணக்குப்படியே கலந்து ஊற்றினேன். அழுதுகொண்டேதான் ஊற்றினேன்.

இந்த வாரம் கீரை கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது. இன்று காலை பசாருக்குச் சாப்பாட்டுக் கடை பாய் வந்தார். அவர் விசாரித்தபோதெல்லாம் உனக்கு உடம்பு முடியவில்லை என்றே மழுப்பி வைத்திருந்தேன். செத்துப்போனாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒரு கீரைக் கட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"கீரை பழையபடி ஆயிருச்சே. உங்க கூட்டாளி வந்துட்டாங்களா?"

"வந்துட்டா, பாய்," என்றேன்.

பொய் சொன்னதாகவே தோன்றவில்லை. ஆனால் இந்தப் பாத்தியைப் பறித்து முடித்த பிறகு அவருக்கு என்ன சொல்வேன், எனக்கு நானே என்ன சொல்லிக்கொள்வேன் என்றுதான் தெரியவில்லை.