விண்ணப்பத்தில் நான் எழுதிய வரி

சேசு மரி சூசை

உப்புவெளி,
ஒக்டோபர் 3, வியாழக்கிழமை.

அன்புள்ள மருமகன் ஜெயந்தனுக்கு,

மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்க வேணும் என்று மன்றாடிக்கொண்டு மாமி எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் அப்பாவின் சீனி வருத்தம் இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது. கிளினிக்குக்கு மாதம் தவறாமல் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். செபமாலை மாதம் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வீடாய்ப் போய்ச் செபம் சொல்கிறோம், அடுத்த செவ்வாய் நம்முடைய வளவுக்கு வரும்.

கடிதம் எழுதிக் கனகாலம். எழுத்து கோணலாய் இருந்தால் குறை நினைக்காதே. நான் போன் எடுத்தால் நீ தூக்குவதில்லை. வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் ஒரு கோட்டோடு நிற்கிறது. அதனால் பஸ்மியா ரீச்சரின் தங்கச்சி மகன் அர்ஷாக்கிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உன் கம்பனியில்தான் வேலை, கிண்ணியாவுக்கு லீவில் வந்தவர், சனிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். மாசிச் சம்பலும் ஒரு போத்தல் கொடுத்துவிடுகிறேன். சம்பலை வாங்கிக்கொண்டு கடிதத்தைத் திருப்பிக் கொடுக்காதே.

நான் கதைக்கத் தொடங்கினால் ஊரைச் சுற்றித்தான் வீட்டுக்கு வருவேன் என்று உனக்குத் தெரியும். பாதியில் நீ மடித்து வைத்துவிடுவாய் என்ற பயத்தில் முதலே எழுதிவிடுகிறேன். அந்தச் சக்கரக் கதிரையை அப்பா கேட்கவில்லை. ஒருவரிடமும் கேட்கவில்லை. நீ கைவிட்டுவிட்டாய் என்று அவர் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. அதெல்லாம் நான் செய்த வேலை. நாலு மாதமாய் நீ அவரோடு கதைக்காமல் இருப்பது என்னாலே.

இனி ஆறுதலாய்ச் சொல்கிறேன்.

உன் மாமா மோசம்போய் அவரை அடக்கம் செய்த பிறகு நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தனான், உனக்குத் தெரியும். அப்போதுதான் பஸ்மியா ரீச்சர் என்னைச் சேவைக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவ. ஓர்ஸ் ஹில்லில் தலைவர் றிஸ்வி நானாவின் பாமசிக்கு மேல்மாடி. வியாழக்கிழமை ஐந்து மணிக்கு மணி அடித்தால் எல்லாரும் எழும்பி ஒரு நிமிசம் பேசாமல் நிற்க வேணும். அவரவர் தங்கள் வேதப்படி மனதுக்குள் மன்றாடலாம். அந்த ஒரு நிமிசத்தில் நான் ஒரு அருள் நிறைந்த மரியேயும் அரைவாசியும் சொல்லி முடிப்பேன்.

பிறகு ஒவ்வொருவராய் எழும்பி, இந்தக் கிழமை தாங்கள் என்ன சேவை கொண்டுவந்தது என்று சொல்ல வேணும். அது கழகத்தின் வழக்கம். ஒருவர் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி என்பார், ஒருவர் கண்ணாடி கொடுக்கும் முகாம் என்பார். பஸ்மியா ரீச்சர் டெங்கு நுளம்பு ஒழிப்புக்குப் பொடியளைத் திரட்டியதைச் சொல்லுவா. வங்கியில் இருந்தவர்கள், படிப்பித்தவர்கள், எல்லாரும் பெரிய ஆட்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான் ஒருத்திதான். தேத்தண்ணியோடு கடிக்கப் பற்றிஸ் பொரித்துக்கொண்டு போகிறதுதான் என் வேலை. என் முறை வந்தால் எழும்பி, "நான் பற்றிஸ் கொண்டுவந்தனான்" என்று சொல்வேன். எல்லாரும் சிரித்துக் கைதட்டுவார்கள். அன்பாய்த்தான் சிரிப்பார்கள். ஆனால் இரண்டு வருசம் ஒவ்வொரு வியாழனும் அப்படிச் சொல்லிப் பார், தம்பி. ஒரு நாளாவது பற்றிஸ் இல்லாத ஒன்றைச் சொல்ல வேணும் என்று எனக்குள் ஒரு ஆசை வளர்ந்துவிட்டது. அது ஆங்காரம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதைச் சேவை என்று நினைத்தனான்.

மே மாதம் ஒரு கூட்டத்தில், வெளிநாட்டுக் கழகம் ஒன்று ஐந்து சக்கரக் கதிரை அனுப்புகிறது, தேவையானவர்கள் பேர் தாருங்கள் என்று றிஸ்வி நானா சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. என் முறை வர முதலே எழும்பிவிட்டேன். "என்ர அண்ணன் சூசைப்பிள்ளை, துறைமுகத்தில முப்பது வருசம் இழுவைப் படகில வேலை செய்தவர், ஒரு கால் இல்லை" என்று சொன்னனான். சிரிப்பில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். றிஸ்வி நானா பேரை எழுதிக்கொண்டு, "மாகிரட் தங்கச்சி இண்டைக்குத்தான் உண்மையான சேவை கொண்டுவந்திருக்கா" என்றார். பஸ்சில் வரும்போது எனக்கு நிலத்தில் கால் இல்லை.

மார்கழியில் நத்தாருக்கு வரும்போது நீயே கதிரை கொண்டுவருவதாய்ச் சொல்லியிருந்தாய். அது எனக்குத் தெரியும். அப்பா அதை எத்தனை தரம் சொல்லியிருப்பார். கால் எடுத்த நேரம் ஆசுப்பத்திரியில் தள்ளிக்கொண்டு போக வந்த பிள்ளையிடமே, "கப்பலை இழுத்தவன் நான், என்னை ஒருத்தரும் தள்ள வேண்டாம். என்ர மகன் கொண்டுவாற கதிரையில மட்டும்தான் இருப்பன்" என்று வீம்பு கதைத்த மனிசன். நத்தாருக்கு ஏழு மாதம்தான் இருந்தது. இரண்டு ஊன்றுகோலோடு அவர் கோயிலுக்குப் படியேறுகிறதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டனான். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

அடுத்த வியாழன் விண்ணப்பம் நிரப்ப வேணும். அதில் பிள்ளைகளின் பராமரிப்பு உண்டா என்று ஒரு கேள்வி. நான் பஸ்மியா ரீச்சரிடம் கேட்டனான். அவ உள்ளதைச் சொன்னா. "மகன் கட்டார்ல எண்டு எழுதினா பேர் கீழ போயிரும் அக்கா. ஈச்சிலம்பற்றுப் பக்கம் நாலு பேர் காத்திருக்காங்க. அதுதான் ஞாயமும்." அவவில் ஒரு பிழையும் இல்லை. அவ தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போன நேரம் நான் பேனையை எடுத்து எழுதினனான். ஒரு மகன், வெளிநாட்டில், கவனிப்பதில்லை. என் கையெழுத்தில் அந்த ஒரு வரி மட்டும் கோணல் இல்லாமல் வந்தது, தம்பி. நீ அனுப்புகிற மருந்தை அன்று காலமையும் நான்தான் அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தனான்.

அது ஒரு கடதாசிக்குள்ளே கிடக்கும் என்று நினைத்தனான். வாசிப்பார்கள் என்று நினைக்கவில்லை.

ஆனியில் கதிரை கொடுத்த விழாவுக்கு அப்பாவை நான் ஏமாற்றித்தான் கூட்டிக்கொண்டு போனனான். துறைமுகத்துப் பழைய தொழிலாளிகளுக்குக் கழகம் மரியாதை செய்கிறது என்று சொன்னனான். அவர் வெள்ளைச் சேட்டை இரண்டு தரம் ஸ்திரி போடச் சொல்லி, மீசை வெட்டி, செருப்பு வேண்டாம் ஒற்றைச் சப்பாத்துப் போடுகிறேன் என்று அடம்பிடித்து வந்தார். ஆட்டோவில் வரும்போது, "மேடையில என்ன கதைக்கிறது, கப்பல் பேர் எல்லாம் சொல்லட்டா" என்று கேட்டார். "சொல்லுங்கோ அண்ணன்" என்றனான்.

மிச்சம் கழகம் பேஸ்புக்கில் போட்ட வீடியோவில் நீ பார்த்ததுதான். பதாகையில் அவருடைய படம். றிஸ்வி நானா விண்ணப்பத்தைப் பார்த்து வாசித்தார். பெற்ற மகனே கவனிக்காமல் கைவிட்ட நிலையில் இந்த முதியவர் என்று. நான் பற்றிஸ் தட்டோடு பக்கத்தில் நின்றனான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாய்ப் பார்க்கவில்லை. கணக்குப் பாடத்தில் நான் பிழை விட்டால் சின்ன வயதில் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவர் ஒரு கப்பல் பேரும் சொல்லவில்லை. நன்றி என்றார். பிறகு, "என்ர தங்கச்சிக்கும் நன்றி" என்றார். சனம் கைதட்டியது. அதைத்தான் நீ கட்டாரில் இருந்து பார்த்துவிட்டு, நீ கைவிட்டதாய் அப்பாவே ஊர் முன்னால் ஒப்புக்கொண்டார் என்று நினைத்தாய்.

வீட்டுக்கு வந்து நான் அழுது, காலைப் பிடித்து, ஏன் அண்ணன் அந்த மேடையிலேயே பொய் என்று சொல்லவில்லை என்று கேட்டனான். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு சொன்னார். "சொல்லியிருந்தா பிறகு வியாழக்கிழமையில நீ எங்க போவாய்?"

அவ்வளவுதான். அந்த மேடையைப் பற்றி அதற்குப் பிறகு இன்று வரைக்கும் அவர் கதைத்ததில்லை.

அன்று பின்னேரம் நீ போன் எடுத்தாய். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றனான். நீ கத்தியது எனக்கே கேட்டது. என்னட்டக் கேக்க ஏலாதா, நான் செத்தா போனேன், ஊருக்கு முன்னால என்னை ஏன் இப்படி என்று. அப்பா, "ஓம் தம்பி, ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் போனை வாங்கக் கை நீட்டினனான், அவர் தரவில்லை. நீ வைத்த பிறகு என்னிடம், "அவனுக்குச் சொல்லாதே, உன்னையும் வெறுப்பான். நமக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்" என்றார். நானும் சரி என்று தலையாட்டினனான். அண்ணன் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தேன் என்று அதற்கும் ஒரு நல்ல பேர் வைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு அது வசதியாய் இருந்தது. நீ பிறகு மாதா மாதம் மருந்தும் செலவுக்குக் காசும் அனுப்பத் தவறவில்லை. குரலைத்தான் நிறுத்திக்கொண்டாய்.

அந்தக் கதிரையில் அப்பா ஒரு நாளும் இருக்கவில்லை. பொலித்தீன் உறை பிரிக்காமல் விறாந்தையில் நின்றது. பக்கத்து வீட்டுப் பூனை வந்து படுத்தது, அவர் விரட்டவும் இல்லை.

போன மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனனான். பங்குச் சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "எனக்குச் சொன்னது சரி அம்மா, சொல்ல வேண்டிய ஆக்களுக்குச் சொல்லிப்போட்டீங்களா" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை.

அடுத்த வியாழன் கூட்டத்தில் என் முறை வந்தது. எழும்பினேன். பற்றிஸ் கொண்டுவரவில்லை, ஒரு பொய் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்னேன். முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள், பகிடி என்று நினைத்து. நான் முழுக்கச் சொல்லி முடித்தேன். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாய் இருந்திருக்கும். றிஸ்வி நானா எழும்பி, "வாசிச்சது என்ர வாய்தான் தங்கச்சி, நானும் அந்த மகனுக்கு ஒரு வார்த்தை கடன்" என்றார். மேடையில் கூப்பிட்டு வாசிக்கிற வழக்கம் இனி வேண்டாம் என்று அன்றே முடிவெடுத்தார்கள். பேஸ்புக்கில் இருந்த வீடியோவையும் எடுத்துவிட்டார்கள். பார்த்தவர்களின் கண்ணில் இருந்து எடுக்க ஏலாது, தெரியும்.

கதிரையை ஈச்சிலம்பற்றுக்குக் கொண்டுபோனோம். காத்திருந்த நாலு பேரில் ஒரு அம்மா, என்னைவிட ஒரு ஐந்து வயது மூப்பு இருக்கும். வயல் வரம்பில் விழுந்து இடுப்பு முறிந்தவ. நான் அவவிடமும் சொன்னேன், இது ஆனியிலேயே உங்களுக்கு வந்திருக்க வேண்டியது என்று. அவ கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்த வருசம் வெருகல் திருவிழாவுக்கு வீட்டு ஆக்களெல்லாம் போக நான் காவலுக்கு இருந்தனான். சரி, அடுத்த வருசம் முருகன் எங்கயும் போகமாட்டார்தானே" என்று சொல்லிச் சக்கரத்தைத் தடவிப் பார்த்தா. அவவின் ஒரு திருவிழாவையும் நான்தான் எடுத்துவிட்டேன்.

இன்றைக்கு வியாழன். இப்போது மணி ஐந்தாகிறது, அங்கே எழும்பி நிற்பார்கள். நான் இரண்டு கிழமையாய்ப் போகவில்லை. பஸ்மியா ரீச்சர் வந்து கூப்பிட்டவ. இந்தக் கடிதம் போய்ச் சேரட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுத எனக்குக் கை வரவில்லை, தம்பி. உன் பேரை நான் கெடுத்தேன். என்னோடு நீ கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, அது எனக்கு வர வேண்டியது. ஆனால் அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். ஞாயிறு பூசை முடிந்து பத்தரைக்கு நீ எடுப்பாய் அல்லவா. இப்போதும் அந்த நேரத்துக்கு அவர் ஊன்றுகோலோடு வாசல் படலையடிக்குப் போய், போனை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் இருக்கிறார். பதினொன்றரைக்கு உள்ளே வருவார். நான் கேட்காமலே, "இண்டைக்கும் சிக்னல் இல்லை" என்பார். நாலு மாதமாய் உப்புவெளியில் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் சிக்னல் இல்லை.

நான் எழுதியது அவருக்குத் தெரியாது. அவர் சொல்லை மீறித்தான் எழுதுகிறேன். அதனால் நீ எடுத்தால் இந்தக் கதையைக் கதைக்க வேண்டாம், மாமி சொன்னா என்றும் சொல்ல வேண்டாம். அவர் எப்போதும் முதலில் என்ன கேட்பார் என்று உனக்குத் தெரியும். அங்க இப்ப என்ன காத்து என்று கேட்பார். நீயும் சிரித்துக்கொண்டு, மண் காத்துத்தான் அப்பா என்பாய். இங்கே கச்சான் காத்து ஓய்ந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் வாடை தொடங்கும். அதை உனக்குச் சொல்ல வேணும் என்று அவர் சேர்த்து வைத்துக்கொண்டு இருக்கிறார்.

தேவதாய் உன் மனதை இளக்கி, உன்னை நோய்நொடி இல்லாமல் நத்தாருக்குப் படலையடியில் கொண்டுவந்து சேர்க்கட்டும். வரும்போது நீ சொன்ன கதிரையை மறக்காதே. இந்த ஞாயிறு பத்தரைக்கு நான் குசினியைவிட்டு வெளியே வரமாட்டேன்.

உன் மாமி,
மாகிரட்